தரவில்லாத அட்டவணை: எஸ்கியூஎல் வியூவின் தோற்றம்

தரவு கணினிக்குள் எவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டுள்ளது என்பதை அறியவேண்டிய சுமை பயனருக்கு இருக்கலாகாது என்ற கோரிக்கையோடுதான், ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரை தொடங்குகிறது. தரவை வெறும் அட்டவணைகளாகக் கருதும் தொடர்புசார் மாதிரியை முன்வைத்த அக்கட்டுரையின் கோரிக்கை நடைமுறையில் நிறைவேறுவதற்குப் பெரிதும் துணைநின்றது வியூ என்னும் ஏற்பாடு. வியூ என்பது பெயர் சூட்டிச் சேமித்து வைக்கப்பட்ட ஒரு வினவல். அட்டவணையைப் போலவே அதையும் கேள்வி கேட்கலாம் என்றாலும், தனக்கென்று எந்தத் தரவையும் அது வைத்திருப்பதில்லை.

இதைச் செயல்படுத்தும் வழிகள் 1975-இல் இரண்டு இடங்களில் எழுத்துவடிவம் பெற்றன. சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத் திட்டத்தைச் சேர்ந்த சேம்பர்லின், கிரே, டிரெய்கர் ஆகியோர் வியூவையும் அணுகல் உரிமையையும் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தனர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்கிரஸ் என்னும் தரவுத்தளத் திட்டத்தை நடத்திய ஸ்டோன்பிரேக்கர், வினவல் மாற்றம் என்ற முறையை விளக்கினார். பெயர், பதவி, துறை, ஊதியம் ஆகிய பத்திகள் கொண்ட பணியாளர் அட்டவணை ஒன்று இருப்பதாகக் கொண்டால், "கிரியேட் வியூ கணக்குப்பிரிவு ஆஸ் செலக்ட் பெயர், பதவி, துறை ஃப்ரம் பணியாளர் வேர் துறை = 'கணக்கு'" என்று தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் எழுதப்படும் கட்டளை அந்த வினவலை மட்டுமே பதிவு செய்கிறது. பின்னர் ஒருவர் கணக்குப்பிரிவில் உள்ள எழுத்தர்களைக் கேட்கும்போது, அவருடைய நிபந்தனையும் வியூவின் நிபந்தனையும் 'ஆண்ட்' என்ற சொல்லால் இணைக்கப்பட்டு, அசல் அட்டவணையிடமே விடை பெறப்படுகிறது. வியூவுக்கு மட்டும் அனுமதி பெற்றவர் ஊதியப் பத்தியைக் காண வழியில்லை. தரவை நகலெடுக்காமலே மறைக்கும் இந்த வசதியே வியூவின் ஆகச்சிறந்த பயன் எனலாம்.

வியூவின் வழியாகத் தரவைத் திருத்துவதோ அத்தனை எளிதாக அமையவில்லை. துறைவாரியான சராசரி ஊதியத்தைக் காட்டும் வியூவில் ஓர் எண்ணை மாற்றினால், எந்தப் பணியாளரின் ஊதியம் மாறவேண்டும் என்பதற்கு விடையே இல்லை. கோட்பாட்டளவில் திருத்தத்தக்க வியூக்கள் அனைத்தையும் அமைப்பும் திருத்த இடமளிக்க வேண்டும் என்று 1985-இல் காட் விதித்தார். மறு ஆண்டு வெளியான அமெரிக்க எஸ்கியூஎல் தரநிலை, ஒரே அட்டவணையிலிருந்து தொகுப்பின்றி எடுக்கப்பட்ட எளிய வியூக்களோடு நின்றுகொண்டது. 'வித் செக் ஆப்ஷன்' என்ற தொடரும் அத்தரநிலையில் இடம்பெற்றது. அதைச் சேர்க்காவிடில், கணக்குப்பிரிவு வியூவின் வழியாக வேறு துறைப் பணியாளரைச் சேர்த்தாலும் அவ்வரிசை அசல் அட்டவணையில் பதிவாகிவிடும். சேர்த்தவரின் வியூவிலோ அது தென்படாது.