மணலின் இடத்துக்கு வந்த எஃகு

அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1870-இல், மணலை வேகமாக வீசிப் பரப்பைச் சுத்தம் செய்யும் மணல்வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மணல் மலிவு, எங்கும் கிடைப்பது, துருவைச் சட்டென்று உரிப்பது. ஆனால் இரும்பில் மோதி உடையும் ஒவ்வொரு மணியும் சிலிக்காத் தூளாகித் தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது. வார்ப்படங்களின் மேல் மணல் வீசுவதை பிரிட்டன் 1949 விதிகளால் தடுத்தது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டம், அத்தூளால் வரும் சிலிக்கோசிஸைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. மணலுக்குப் பதிலாக எஃகுத் துகள் இத்தொழிலில் நிலைபெற்றதற்கு, மெருகைவிட மனித உயிரே பெரிய காரணம் என்பேன். எஃகு விலை அதிகம் என்று மறுப்பார்கள். மணல் ஓரிரு வீச்சில் தூளாகிவிடும். எஃகைச் சலித்துச் சலித்துப் பல நூறு முறை வீசலாம். எஃகில் உருண்டைக் குண்டு பரப்பைத் தட்டி இறுக்கும். கூர்முனைத் துகளோ கீறிச் சிறு பள்ளங்களைப் பறிக்கும். பெயின்ட் பிடித்து நிற்க அந்தப் பள்ளம்தான் வேண்டும்.

வலுவான மறுப்பு பாம்பன் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. 1914-இல் திறக்கப்பட்டு உப்புக் காற்றில் நின்ற அங்குள்ள பழைய ரயில் பாலம் போன்ற கட்டுமானத்தில், வீசிய எஃகைத் திரும்பப் பொறுக்க முடியாது. மிஞ்சியதும் ஈரத்தில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகின் மேலும் சாதாரண எஃகுத் துகள் ஆகாது. இரும்புத் தூளை அதில் பதித்துவிடும். இவ்விடங்களுக்கு கார்னெட் என்னும் தாது மணல் ஏற்றது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரைகளில் அது உண்டு. ஆனால் அங்கே தாது மணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013-இல் நிறுத்தியது. ஆகவே மூடிய அறைக்குள் எஃகு, வெட்டவெளியில் அளவாக கார்னெட். ஆற்று மணலை எங்குமே வீசக் கூடாது.