பங்கெல்லையும் ஆட்டக்களமும்: டிப்பரேரி கவுண்டியின் ஊர்க் கழகங்கள்

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் எல்லைகள் பல உள. முப்பத்திரண்டு கவுண்டிகளும், அவற்றினுள் பாரனி எனப்படும் பழைய வட்டங்களும், கடைநிலையில் டவுன்லாந்து எனப்படும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிலக்கூறுகளும் அந்நாட்டைப் பகுத்து நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் இடையில் நிற்கும் ஓர் எல்லை கத்தோலிக்கப் பங்கின் எல்லையாகும். ஒரு குருவின் அருட்பணிக்கு உட்பட்ட குடும்பங்களின் நிலப்பரப்பையே தமிழ்க் கத்தோலிக்கரும் 'பங்கு' என வழங்குவர். சமயத் தேவைக்கென வகுக்கப்பட்ட இவ்வெல்லை, கேலிக் விளையாட்டுக் கழகங்களின் வழியாக எங்ஙனம் உலகியல் எல்லையாயிற்று என்பதையும், இன்று கோயிலைக் காட்டிலும் ஆட்டக்களமே அதனைக் காத்து வருதலையும் டிப்பரேரி கவுண்டியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்கண் பங்கு என்பது ஒன்றன்று, இரண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அயர்லாந்தின் பங்கு அமைப்பு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது. விளைச்சலில் பத்தில் ஒரு கூறு கோயிலுக்குச் சேர வேண்டும் என்ற முறையே அதன் எல்லைகளை உறுதியாக்கியது. எந்த வயலின் கதிர் எந்தக் கோயிலுக்கு உரியது என்பது ஐயமின்றித் தெரிந்தாக வேண்டுமன்றோ? சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் இப்பழைய பங்குகளும் கோயில்களும் வருவாயும் அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் கைக்குச் சென்றன. 17ஆம் நூற்றாண்டின் நில அளவைகளிலும், 1824இல் தொடங்கிய பேரளவை வரைபடங்களிலும் இடம்பெற்றவை இவையே. ஆகவே இவை 'அரசுப் பங்குகள்' எனப்படலாயின.

மக்களுள் பெரும்பாலோராகிய கத்தோலிக்கர் தண்டனைச் சட்டங்களின் கடுமை தளர்ந்த காலத்தில் தம் திருச்சபையை மீளக் கட்டினர். குருக்களும் பொருளும் குறைவாக இருந்தமையால் பழைய பங்குகள் இரண்டு மூன்றை ஒன்றாக இணைத்துப் புதிய பங்குகளை வகுத்தனர். சாலைகள் கூடுமிடங்களில் புதிய கோயில்கள் எழுந்தன; அவற்றைச் சுற்றிப் பள்ளியும் கடையும் வீடுகளும் அமைந்தன. ஆதலின் 19ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்கப் பங்கு, இடைக்காலப் பங்கின் தொடர்ச்சி போலத் தோன்றினும் பெரிதும் புதிய ஆக்கமே எனலாம்.

இந்த இணைப்பின் வரலாறு டிப்பரேரியின் கழகப் பெயர்களில் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. மொய்கார்க்கி-போரிஸ், லாக்மோர்-காஸலைனி, ஹோலிகிராஸ்-பாலிகாஹில், குளோனூல்ட்டி-ராஸ்மோர், மொய்ன்-டெம்பிள்டூஹி, அப்பர்சர்ச்-டிரம்பேன், லோரா-டோரா என இரட்டைப் பெயர்கள் நிரல்படக் காணப்படுகின்றன. பெயர்களுக்கு இடையே நிற்கும் சிறு கோடு இரு பகுதிகள் ஒரே குருவின்கீழ் ஒன்றான செய்தியைச் சுட்டுகிறது. ஒன்றானபோதும் எப்பகுதியும் தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் அதுவே சுட்டுகிறது. சொற்பொருளும் நோக்கத்தக்கது. அப்பர்சர்ச் என்பது மேலைக்கோயில். டெம்பிள்டூஹி என்பதன் ஐரிய வடிவம் நாட்டுக்கோயில் எனப் பொருள்படும். மாறாகப் போஹர்லஹன் என்பதற்கு அகன்ற சாலை என்பதே பொருள். கோயிலால் பெற்ற பெயர் ஒரு வகை, சாலையால் பெற்ற பெயர் மற்றொரு வகை. ஊர்ப்பெயராய்வாளர்க்கு விளையாட்டுச் செய்திப் பக்கமும் ஓர் ஆவணமாதல் வியப்புக்குரியதே.

கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1ஆம் நாள் டிப்பரேரியின் தர்லஸ் நகரில் ஹேய்ஸ் விடுதியில் தோற்றுவிக்கப்பட்டது. கிளேர் கவுண்டியினரான மைக்கேல் கியூசாக் அதனைக் கூட்டினார். டிப்பரேரியின் புகழ்பெற்ற தடகள வீரர் மாரிஸ் டாவின் முதல் தலைவரானார். வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்தாடும் ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் இச்சங்கத்தின் தலையாய ஆட்டங்கள். காஷெல் பேராயர் தாமஸ் குரோக் அதே ஆண்டு டிசம்பரில் புரவலராக இசைந்தமை, பங்குதோறும் கழகங்கள் எழுவதற்குப் பெருந்துணையாயிற்று. ஞாயிறு காலை வழிபாட்டுக்குக் கூடிய இளைஞரே பிற்பகலில் களத்தில் கூடினர். அறிவிப்பைச் சொல்லக் கோயில் வாயிலினும் ஏற்ற இடம் வேறில்லை. பங்கு ஆயத்த நிலையில் இருந்த ஓர் அமைப்பு; சங்கம் அதனை எடுத்துக்கொண்டது.

எனினும் குருக்களே சங்கத்தை நடத்தினர் என்று கொள்வது பிழையாகும். 1887 நவம்பரில் தர்லஸில் கூடிய பேரவையில் ஃபீனியப் புரட்சியாளர் கை ஓங்கவே, நீனா நகர்க் குரு ஜான் ஸ்கேன்லன் தலைமையில் ஒரு சாரார் வெளியேறினர். 1888 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்படும் வரை சங்கம் பிளவுண்டே கிடந்தது. பங்கின் எல்லையை ஏற்றவர்கள் பங்குக் குருவின் அரசியலையும் ஏற்றார்கள் என்பதற்கில்லை. விதிகளின்படி சங்கம் எச்சமயத்தார்க்கும் உரியது. அகில அயர்லாந்துக் கால்பந்துக் கோப்பை தாங்கும் பெயருக்குரிய சாம் மகுவயர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்தவரே. ஆயினும் கத்தோலிக்கப் பங்கை அடிப்படை அலகாகக் கொண்டதனால், பிற சமயத்து அண்டை வீட்டார் தாம் வழிபடாத கோயிலின் எல்லைக்குள்ளேயே ஆட வேண்டியவராயினர். இம்முரண் போதிய அளவு பேசப்பட்டதில்லை.

பங்கே அலகு என்ற கொள்கை தொடக்க ஆண்டுகளில் எங்கும் நிலைபெற்றுவிடவுமில்லை. அக்காலத்தில் கவுண்டியின் வாகையர் கழகமே அகில அயர்லாந்துப் போட்டியில் கவுண்டியின் சார்பில் ஆடியது. 1887ஆம் ஆண்டுக்கான முதல் ஹர்லிங் இறுதியாட்டம் 1888 ஏப்ரல் 1இல் பர் நகரில் நிகழ்ந்தபோது, டிப்பரேரிக்காகத் தர்லஸ் அணி கால்வேயின் மீலிக் அணியை வென்றது. பின்னர் 1895, 1896, 1898 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களை டிப்பரேரிக்கு ஈட்டித்தந்த டப்பரடோரா ஒரு பங்கன்று. போஹர்லஹன் பங்கினுள் அடங்கிய ஒரு டவுன்லாந்து மட்டுமே. மைக்கி மாஹர் தலைமை தாங்கிய அவ்வணி 1898ஆம் ஆண்டுப் பட்டத்தோடு நிறைவுற்றது. அப்பகுதி 1916இல் மீண்டும் வாகை சூடியபோது களத்தில் நின்ற பெயர் போஹர்லஹன். சில வயல்களின் பெயர் பங்கின் பெயருள் கரைந்த வரலாறு இது. டப்பரடோராவின் புகழ் ஊராரிடையே மங்கவில்லை; ஆயினும் தனியே ஓர் அணியைத் தலைமுறைதோறும் நிறுத்தும் அளவுக்கு ஒரு டவுன்லாந்தில் ஆள்வலிமை நிலைப்பதில்லை.

பங்குக்கு இத்துணை ஆற்றல் எவ்வாறு வாய்த்தது? அளவே முதற்காரணம். ஓர் அணிக்கு வேண்டிய ஆட்களைத் தர டவுன்லாந்து சிறிது. ஒருவரையொருவர் அறிந்திருக்கக் கவுண்டி பெரிது. விதியும் துணைநின்றது. நாட்டுப்புறக் கவுண்டிகள் பலவற்றில், ஒருவர் தாம் வாழும் பங்கின் கழகத்துக்கே ஆட வேண்டும் என்பது முறை. ஆட்டத்திற்கு ஊதியமில்லை. ஆகவே வல்லாரை விலைக்கு வாங்கும் வழக்கம் இல்லை. பிறந்த இடமே அணியைத் தீர்மானிக்கிறது. இதில் ஒரு கொடுமையும் உண்டு. சாலையின் ஒருபுறத்துச் சிறுவன் வாகையர் அணியிலும், மறுபுறத்துத் திறமிக்க சிறுவன் என்றும் தோற்கும் அணியிலும் ஆட நேரும். ஆயினும் அவ்வாறு தோற்கும் கழகத்தை விட்டு அகல்வது எளிதில் மன்னிக்கப்படுவதில்லை. சங்கம் தோன்றுமுன்னரே, 1873இல் நூலாக வெளிவந்த 'நாக்னகோ' என்னும் புதினத்தில், டிப்பரேரி எழுத்தாளர் சார்லஸ் கிக்கம் தம் சிற்றூரின் மானத்துக்காகச் சம்மட்டி எறியும் உழவன் ஒருவனைப் படைத்திருந்தார். ஊர்ப்பற்று முன்பே இருந்தது. கழகம் அதற்கு நிறச் சட்டையும் போட்டிப் பட்டியலும் தந்தது.

எல்லை வழுவும் இடங்களும் உள. ஊலா, சாலஹெட் ஆகிய இரண்டும் ஒரே பங்கைச் சார்ந்தவை. எனினும் இடையே கவுண்டி எல்லை ஓடுவதால் ஊலா லிமரிக்கிலும் சாலஹெட் டிப்பரேரியிலும் ஆடுகின்றன. ஈண்டுக் கவுண்டி வென்றது. மனிகால் என்னும் ஊரோ ஆஃபலி கவுண்டியில் உள்ளது. அதன் கழகம் டிப்பரேரியில் ஆடி 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் டிப்பரேரிப் பட்டத்தையே வென்றது. ஈண்டுக் கவுண்டி எல்லையும் பொருட்படுத்தப்படவில்லை. விதியைவிடப் பழக்கமே வலியது என்பதற்கு இவை சான்று.

இவ்வமைப்பு அனைத்தும் மக்கள்தொகையை நம்பியே நிற்கிறது. 1841இல் டிப்பரேரியில் ஏறத்தாழ 4,35,000 பேர் வாழ்ந்தனர். பெரும்பஞ்சமும் அதன்பின் தொடர்ந்த குடிபெயர்வும் நாட்டுப்புறத்தை வெறுமையாக்கின. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு ஏறத்தாழ 1,68,000 பேரே உள்ளனர். தொடக்கத்தில் அணிக்கு 21 பேராக இருந்தது 1892இல் 17ஆகவும் 1913இல் 15ஆகவும் குறைந்தது. ஆட்டச் செம்மை கருதிய மாற்றமே எனினும் சிறு பங்குகளுக்கு அது வாய்ப்பாயிற்று. லாக்மோர்-காஸலைனி என்னும் சிறு பங்கின் கழகம் 2013இல் டிப்பரேரியின் ஹர்லிங், கால்பந்து ஆகிய இரு முதல்நிலைப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. 2021இலும் அதனையே செய்தது. இரண்டிலும் ஆடியவர்கள் பெரும்பாலும் அதே இளைஞர்கள் என்பது பெருமை. இரு ஆட்டங்களுக்கும் தனித்தனி அணி நிறுத்த ஆளில்லை என்பதும் அதனுள் அடங்கிய செய்தி.

இளையோர் பிரிவுகளில் அண்டைக் கழகங்கள் சேர்ந்து ஓரணியாய் ஆடுதல் இன்று பல கவுண்டிகளில் வழக்கமாகியுள்ளது. அவ்வணிகளுக்குப் பெயரிடுங்கால் இரு பங்கின் பெயரும் சேர்தல் அரிது. முன்பே இரட்டையாய் நிற்கும் பெயர்களை மேலும் கோர்த்தால் பெயர் நீண்டுவிடும். எனவே ஒரு துறவியின் பெயரோ ஆற்றின் பெயரோ தெரிந்தெடுக்கப்படுகிறது. அதே வேளையில் குருக்கள் குறைந்தமையால் மறைமாவட்டங்களும் பங்குகளைத் தொகுத்து, ஒரு குரு பல கோயில்களைப் பேணுமாறு செய்துவருகின்றன. கோயிலின் இணைப்பை மக்கள் பெரிய எதிர்ப்பின்றி ஏற்கின்றனர். கழகத்தின் இணைப்பு என்றால் கூட்டங்கள் நள்ளிரவு வரை நீள்கின்றன. முதியோர் அணியை மட்டுமேனும் பழைய பெயரில், பழைய நிறத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றே பெரும்பாலும் முடிவாகிறது.