எக்சஸ் என்னும் 400 வெள்ளி: மகிழுந்துக் காப்புறுதியில் ஒரு வரியின் வரலாறு



ஆண்டுக்கொரு முறை சாலை வரியைப் புதுப்பிக்கும் வேளையில் மகிழுந்துக் காப்புறுதியையும் புதுப்பிக்கிறோம். கட்டணம் எவ்வளவு, என்.சி.டி. எத்தனை விழுக்காடு என்ற இரண்டு வினாக்களோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அதே பத்திரத்தின் அட்டவணையில் 'எக்சஸ்' என்றொரு சொல் இருக்கும். விபத்து நேர்ந்து வண்டி பட்டறைக்குப் போன பின்னரே அச்சொல் நம் கண்ணில் படுகிறது. "முழுக் காப்புறுதிதானே எடுத்தேன், நான் ஏன் 400 வெள்ளி கட்ட வேண்டும்?" என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடை இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இருக்கிறது. அதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

சொல்லும் பொருளும்

அகராதியில் எக்சஸ் என்பதற்கு மிகுதி, உபரி என்று பொருள் காணலாம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. நம் கையை விட்டுப் போகும் பணத்திற்கு மிகுதி என்று ஏன் பெயர்? இழப்பில் முதற்பகுதியை வண்டிக்காரர் ஏற்றுக்கொள்ள, அதற்கு மிகுதியானதை மட்டும் காப்புறுதி நிறுவனம் தருகிறது. அந்த எல்லைக் கோடே காலப்போக்கில் எக்சஸ் என்று அழைக்கப்படலாயிற்று. தமிழில் இதனைச் 'சுயபொறுப்புத் தொகை' என்று சொன்னால் பொருள் தெளிவாகும். இந்தியாவில் 'டிடக்டிபிள்' என்ற சொல்லே மிகுதியும் வழங்குகிறது. இரண்டும் ஒன்றே.

இத்தொகை இருவகைப்படும். நிறுவனமோ பொது விதியோ நம்மீது சுமத்துவது கட்டாயச் சுயபொறுப்புத் தொகை. கட்டணத்தில் தள்ளுபடி பெறும்பொருட்டு நாமே முன்வந்து ஏற்பது விருப்பச் சுயபொறுப்புத் தொகை.

கப்பலில் தொடங்கிய கதை

மகிழுந்து தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கருத்து பிறந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் எட்வர்ட் லாய்டு என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் வணிகர்கள் கூடுவர். அங்கே வளர்ந்த கடற்காப்புறுதித் தொழிலில் ஒரு தொல்லை இருந்தது. நீண்ட கடற்பயணத்தில் தானியம் சிறிது நனையும். பழம் சிறிது அழுகும். சர்க்கரை சிறிது கசியும். இத்தகைய சில்லறை இழப்புகளுக்கெல்லாம் கணக்குப் பார்த்தால், கணக்குப் பார்க்கும் செலவே இழப்பை மிஞ்சிவிடும்.

எனவே 1749ஆம் ஆண்டு முதல் காப்புறுதிப் பத்திரத்தின் அடியில் 'மெமோராண்டம்' என்னும் குறிப்பு சேர்க்கப்பட்டது. தானியம், மீன், உப்பு, பழம், மாவு, விதை போன்ற எளிதில் கெடும் சரக்குகளின் பகுதி இழப்பு, கப்பல் தரைதட்டினாலன்றிப் பெரும்பாலும் ஏற்கப்படாது. சர்க்கரை, புகையிலை, சணல், தோல் ஆகியவற்றுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறைந்த இழப்பும், ஏனைய சரக்குகளுக்கு 3 விழுக்காட்டுக்குக் குறைந்த இழப்பும் வணிகரையே சாரும். இவ்வாசகம் பின்னர் 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்புறுதிச் சட்டத்தின் இணைப்பிலும் இடம்பெற்றது.

ஆயினும் இதற்கும் இன்றைய எக்சஸுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய விதியில் இழப்பு 3 விழுக்காட்டை எட்டிவிட்டால் முழு இழப்பும் கிடைக்கும். இன்றைய எக்சஸோ இழப்பு எத்துணைப் பெரிதாயினும் கழிக்கப்பட்டே தீரும். வடிவம் மாறினாலும் நோக்கங்கள் மாறவில்லை. சிறு கோரிக்கைகளைத் தவிர்ப்பது ஒன்று. தன் கைப்பணமும் போகும் என்ற எண்ணம் உடையவன் கூடுதல் கவனத்தோடு இருப்பான் என்பது மற்றொன்று.

மோட்டார் வாகனம் வந்தது

சிங்கப்பூரில் முதல் மோட்டார் வாகனம் 1896இல் வந்திறங்கியது. அங்கே மோட்டார் வாகனச் சங்கம் 1907இல் தோன்றிவிட்டது. நீரிணைக்கு இப்பால் ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் மோட்டார் வாகனங்களில் பெரும் நாட்டம் கொண்டவராக விளங்கினார். 1924இல் ஜொகூர் பாலம் திறக்கப்பட்ட பின்னர் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே வண்டிகள் தடையின்றி ஓடலாயின.

வண்டிகள் பெருகியபோது விபத்துகளும் பெருகின. வண்டி வைத்திருப்பவர் செல்வராக இருந்தால் அடிபட்டவருக்கு இழப்பீடு கிட்டும். இல்லையேல் வழக்கில் வென்றும் வெறுங்கைதான். இந்த அநீதியைக் களையவே பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே வழியில் சென்றது. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதியும், அதன் இடத்தைப் பிடித்த 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இதனையே வலியுறுத்தின. காப்புறுதி இல்லாத வண்டியால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும்பொருட்டு, 1968இல் மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்துடன் போக்குவரத்து அமைச்சர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியது பிறருக்கு நாம் விளைவிக்கும் தீங்குக்கான காப்புறுதியை மட்டுமே. நம் சொந்த வண்டியின் சேதத்திற்குக் காப்புறுதி எடுப்பது நம் விருப்பம். 400 வெள்ளிக் கட்டாய எக்சஸ் இந்த இரண்டாவது பகுதியைச் சார்ந்தது. சாலையில் அடிபட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டில் அது கை வைப்பதில்லை. 'கட்டாயம்' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களிலும் வருவதால் பலர் இவற்றை ஒன்றெனக் கருதிவிடுகின்றனர்.

தோட்டத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு

1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரொடுவா கஞ்சிலும் வெளிவந்தன. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களை விட்டு மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வண்டி இவற்றுள் ஒன்றாகவே அமைந்தது. அந்த ஒரு வண்டியைத் தந்தை வேலைக்கு ஓட்டுவார். தாய் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குவார். மகன் உரிமம் எடுத்தவுடன் அவனும் ஓட்டுவான். ஒரு வண்டி, பல ஓட்டுநர்கள் என்ற இந்த வழக்கமே 400 வெள்ளி விதியை நம் வீட்டு விவகாரமாக்கியது.

மலேசியாவின் தனியார் மகிழுந்துப் பத்திரத்தின்படி, விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் பின்வரும் மூவருள் ஒருவராயின் 400 வெள்ளி கட்டாயமாகக் கழிக்கப்படும்:

1. 21 வயது நிறையாதவர்.
2. 'எல்' அல்லது 'பி' உரிமம் உடையவர்.
3. பத்திரத்தில் ஓட்டுநராகப் பெயர் குறிப்பிடப்படாதவர்.

இம்மூன்றும் தனித்தனி நிபந்தனைகள். "மகன் பெயரைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று எண்ணும் பெற்றோர் உளர். பெயரைச் சேர்த்தால் மூன்றாவது நிபந்தனை மட்டுமே நீங்கும். நம் நாட்டில் 17 வயதில் மகிழுந்து உரிமம் எடுக்கலாம். ஈராண்டுகள் கழித்து 19 வயதில் 'பி' உரிமம் முழு உரிமமாகும். அப்போதும் 21 வயது நிறையவில்லை. ஆதலால் முதல் நிபந்தனை நீடிக்கும். இளைஞர் கையில் வண்டியைக் கொடுக்கும் குடும்பம் இந்த 400 வெள்ளியைத் தனியே எடுத்து வைப்பதே அறிவுடைமை. அதே வேளை, வண்டியை ஓட்டும் மனைவி, அண்ணன், தம்பி ஆகியோரின் பெயர்களைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

பட்டியல் காலமும் அதன் பின்னும்

மலேசியாவில் மோட்டார் காப்புறுதிக் கட்டணத்தை நீண்டகாலம் ஒரே பொதுப் பட்டியலே முடிவு செய்தது. 1978க்குப் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டண விகிதம் மாறாமலேயே இருந்தது. காப்புறுதித் துறையின் மேற்பார்வை 1988இல் பேங்க் நெகாரா வசம் வந்தது. 2012 முதல் கட்டணங்கள் படிப்படியாகத் திருத்தப்பட்டன. 2016 ஜூலை 1 முதல் புதிய வகைத் திட்டங்களை விற்க நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்டன. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் நிறுவனங்களே விலை வைக்கலாயின.

இம்மாற்றத்தால் எக்சஸ் என்ற சொல்லின் கனமும் கூடியது. எல்லாரும் ஒரே விலைக்கு விற்ற காலத்தில் கட்டணத்தை ஒப்பிடத் தேவையிருக்கவில்லை. இன்று ஒரு நிறுவனம் நூறு வெள்ளி குறைவாகக் கேட்டால், அட்டவணையில் கூடுதல் எக்சஸ் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்தே ஆக வேண்டும். அட்டவணையில் உள்ள எக்சஸும் 400 வெள்ளிக் கட்டாய எக்சஸும் ஒருசேரக் கழிக்கப்படக்கூடும். பழுதுச் செலவு 3,600 வெள்ளி, அட்டவணை எக்சஸ் 500 வெள்ளி, ஓட்டியவர் 'பி' உரிமக்காரர் எனில், நிறுவனம் ஏற்பது 2,700 வெள்ளி; நம் பொறுப்பு 900 வெள்ளி. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்குப் புதிய உதிரிபாகம் பொருத்தினால் அதன் விலையில் 'பெட்டர்மெண்ட்' என்ற பங்கையும் நாம் தர வேண்டிவரலாம். அது எக்சஸிலிருந்து வேறானது.

விருப்ப எக்சஸ் பயன் தருமா?

தமிழ்நாட்டு உறவினரோடு பேசினால் இவ்விரு வகைகளின் வேறுபாடு நன்கு விளங்கும். இந்தியாவில் 1,500 சிசி வரையிலான தனியார் காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாகும். அங்கே ஓட்டுநரின் வயதைப் பார்க்காமல் இயந்திரத்தின் அளவைப் பார்க்கின்றனர். 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டணப் பட்டியல் விருப்பக் கழிவுக்கும் தள்ளுபடி வகுத்தது. 2,500 ரூபாயைத் தாமே ஏற்பவருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காடு, ஆனால் 750 ரூபாய்க்கு மேற்படாமல். 15,000 ரூபாயை ஏற்பவருக்கு 35 விழுக்காடு, 2,500 ரூபாய்க்கு மேற்படாமல்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 750 ரூபாய் மிச்சமானால் 2,500 ரூபாயைச் சேர்க்க மூன்றாண்டுக்கு மேலாகும். ஆண்டுக்கு 2,500 மிச்சமானால் 15,000 சேர ஆறாண்டுகள் ஆகும். அதுவரை விபத்தின்றி ஓட்டினால் இலாபம். இடையில் ஒரு விபத்து நேர்ந்தால் நட்டம். விருப்ப எக்சஸை முன்வைக்கும் எந்த நிறுவனத்திடமும் இதே வகுத்தலைச் செய்து பார்க்கலாம். ஏற்கும் தொகையை ஆண்டுத் தள்ளுபடியால் வகுத்தால் எத்தனை ஆண்டு என்பது வரும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு அது பொருந்தலாம். மாதக் கடைசியில் 500 வெள்ளி புரட்ட இயலாத குடும்பத்திற்கு அது பொருந்தாது. பட்டறையில் நிற்கும் வண்டியை மீட்க முடியாமல் போனால் வேலைக்குப் போவதே நின்றுவிடும்.

சிறு சேதமும் பெருங்கணக்கும்

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். அடிப்படைக் கட்டணம் 1,800 வெள்ளி, என்.சி.டி. 55 விழுக்காடு எனக் கொள்வோம். நாம் செலுத்துவது 810 வெள்ளி. 700 வெள்ளிச் சேதத்திற்குக் கோரிக்கை விடுத்தால் 400 கழிந்து 300 வெள்ளி கிடைக்கும். ஆனால் என்.சி.டி. சுழியமாகிவிடும். அது 25, 30, 38.33, 45 எனப் படியேறி மீண்டும் 55ஐ அடைவதற்குள், கூடுதலாக நாம் செலுத்துவது முறையே 990, 540, 450, 300, 180 வெள்ளி. மொத்தம் 2,460 வெள்ளி. 300 வெள்ளிக்காக 2,460 வெள்ளியை இழப்பதா? 1749இல் இலண்டன் வணிகர் கண்ட உண்மை இதுவே: சில்லறைச் சேதத்தைத் தாமே தாங்குவது பெரும்பாலும் மலிவு.

விபத்துக்கு எதிர்த்தரப்பே காரணம் என்றால் நிலைமை வேறு. 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்துவிட வேண்டும், அது சட்டம். பின்னர், என்.சி.டி. பாதிக்காத வகையில் கோரிக்கை விடுக்கும் வழிகளைத் தம் நிறுவனத்திடம் கேட்டறியலாம். நிறுவனத்தின் முடிவில் நிறைவில்லையெனில், 2025 முதல் செயல்படும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவையை நாடலாம்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஐந்தாம் படிவக் கணிதப் பாடத்தில் காப்புறுதி ஒரு தனி அத்தியாயம். 'டெடக்டிபல்' அங்கே சூத்திரமாக வருகிறது. அந்த வயதில்தான் நம் பிள்ளைகள் ஓட்டுநர் உரிமத்திற்கும் விண்ணப்பிக்கின்றனர். வீட்டுப் பத்திரத்தையே மேசையில் விரித்து அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தால் கணக்கும் புரியும், பொறுப்பும் புரியும். "நீ ஓட்டும்போது இடித்தால் முதல் 400 வெள்ளி நம் வீட்டுப் பணம்" என்ற ஒரு வாக்கியம், வேகத்தைப் பற்றிய பத்து அறிவுரைகளுக்குச் சமம்.

பெற்றோர்களே, அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திராமல் இன்றே பத்திரத்தை எடுத்து மூன்றைப் பாருங்கள்: பெயர் குறிக்கப்பட்ட ஓட்டுநர் யார் யார், அட்டவணையில் எக்சஸ் எவ்வளவு, வீட்டில் 21 வயதுக்கு உட்பட்டோர் யாரேனும் வண்டியை ஓட்டுகின்றனரா. ஐந்து நிமிட வேலைதான்.