சூடூ

லினக்ஸ் கணினியில் ஒரே ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்க, அதற்கு முன்னால் சேர்க்கும் சொல். ‘சூ’, ‘டூ’ என இரண்டு துண்டுகள். ‘சூ’ யுனிக்ஸின் பழைய கட்டளை. வேறொரு பயனராக, பெரும்பாலும் ‘ரூட்’ என்னும் முழு அதிகாரக் கணக்காக மாற உதவுவது. ‘டூ’ என்றால் செய். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் இதை எழுதினார்கள். சிலர் ‘சூடோ’ என்பார்கள். ‘போலி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இதற்கு உறவில்லை.

2011இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் மாணவர்களின் வீடுகளுக்கும் வந்தது. அதில் சூடூ கடவுச்சொல் கேட்கும்போது, சொந்தக் கணினிதானே, இது எதற்கு என்று தோன்றும். சூடூவின் அனுமதி விதிகள் உள்ள ‘சூடூயர்ஸ்’ கோப்பில் ‘NOPASSWD’ குறியை இட்டால் கேள்வி நின்றுவிடும். ஆனால் அந்தக் கணக்கில் நுழையும் தீய நிரலுக்கும் தடை இருக்காது. விலக்கு தேவையென்றால் குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் கொடுங்கள். கோப்பை ‘விசூடூ’ என்னும் கட்டளை வழியாகவே திருத்துங்கள். தொடரியல் பிழை இருந்தால் அது முன்கூட்டியே எச்சரிக்கும்.