கென்னல் காஃப் ஊசி போடலாமா, வேண்டாமா? ஒரு பழைய கணக்கு



பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் நம் வளாகத்தில் நான்கு நாய்கள் இருமத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருமி, கடைசியில் ஓங்கரிக்கும். நான்குமே விடுமுறையில் நாய் விடுதியில் தங்கித் திரும்பியவை. எங்கள் வீட்டு பாலு எப்படியோ தப்பித்தான். பாலு ராஜபாளையம் இனம். மகன் வாங்கி வளர்த்தது. அவன் வெளியூர் வேலைக்குப் போனபின் என் பொறுப்பு.

வருடாந்திர ஊசிக்குப் போனபோது கால்நடை டாக்டரிடம் கேட்டேன். "கென்னல் காஃப் ஊசி கட்டாயம் இல்லை சார். உங்க நாய் எங்கெங்க போகுது, யார்கூடப் பழகுதுன்னு பார்த்து நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவனுக்கு 'விருப்பப்பட்டால்' என்ற வார்த்தை ஒத்துவராது. ஒரு வவுச்சரை ஒன்று பாஸ் செய்ய வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் இந்த ஊசிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் என் சிறுவயது நாய் ஒன்றும் வந்து சேர்ந்தது.

பிளவக்கல் தோப்பு நாய்

பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் என் தாத்தாவுக்கு மாந்தோப்பு இருந்தது. காவலுக்கு ஒரு வெள்ளை நாய். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது அதற்குக் கண்ணில் பீளை தள்ளியது. மூக்கு ஒழுகி இருமியது. இரண்டு மூன்று வாரத்தில் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, வலிப்பு வந்தது. வாயில் நுரையைப் பார்த்ததும் 'வெறி பிடித்துவிட்டது' என்று ஊரார் முடிவு செய்தார்கள். அடித்தே கொன்றார்கள். அதற்குக் கஞ்சி ஊற்றி வந்த என் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் வயிற்றைப் பிடித்தபடி பஸ்ஸில் வந்து இறங்குவார்.

அந்த நாய்க்கு வந்தது வெறிநோய் அல்ல, டிஸ்டெம்பர் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. சோதித்துப் பார்க்க வழியில்லாத அன்று ஊரார் பயந்ததையும் குறை சொல்ல முடியாது. மாமா ஊசி போட்டுக்கொண்டதும் சரிதான்.

வெறிநோய் ஊசி: இதில் யோசிக்க ஒன்றுமில்லை

பிரான்சில் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தியது 1885 ஜூலை 6. இந்தியாவில் 1900ல் கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் இமயமலை அடிவாரம் வரை போக வேண்டியிருந்தது. 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் இந்நோயால் இறந்தபின் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையிலிருந்து வைஸ்ராய் கர்சன் ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கினார். 1907ல் குன்னூர் பாஸ்டர் நிலையம் வந்தது.

மாமா போட்டுக்கொண்டது டேவிட் செம்பிள் 1911ல் கசௌலியில் உருவாக்கிய மருந்து. ஆட்டு மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தது. சிலருக்கு அதனால் பக்கவாதம்கூட வந்தது. இருந்தும் வேறு வழியில்லாமல் 2004 வாக்கில்தான் இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது. இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆகவே இந்த ஊசி நாய்க்காரரின் விருப்பம் அல்ல. அது லிஃப்டில் கூடவரும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நாம் செலுத்தும் கடன்.

தவறான பேரேட்டில் பதிந்த கிருமி

இனி இருமலுக்கு வருவோம். அம்மைப்பால் புகழ் எட்வர்ட் ஜென்னர் 1809லேயே டிஸ்டெம்பர் பற்றி எழுதி, அது வெறிநோய் அல்ல என்று பிரித்துக் காட்டினார். 1905ல் பிரான்சின் ஆன்ரி காரே, நுண்ணிய வடிகட்டியிலும் தங்காத கிருமியால், அதாவது இன்று நாம் சொல்லும் வைரஸால், டிஸ்டெம்பர் வருகிறது என்றார். பலர் நம்பவில்லை. 1910–11ல் அமெரிக்காவில் ஃபெரி, எடின்பரோவில் மக்கவன் ஆகியோர் நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். இதுதான் டிஸ்டெம்பருக்குக் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அதை வைத்துத் தடுப்பூசியும் தயாரித்தார்கள். ஊசி போட்ட நாய்களுக்கும் டிஸ்டெம்பர் வந்தது.

1920களில் இங்கிலாந்தின் வேட்டைநாய்க்காரர்கள் 'தி ஃபீல்ட்' பத்திரிகை மூலம் நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் மில்ஹில் ஆய்வகத்தில் லெய்ட்லாவும் டங்கினும் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணியை வைத்து ஆராய்ந்து, காரே சொன்னதே சரி என்று 1926ல் உறுதி செய்தார்கள். தடுப்பூசியும் வந்தது. அதே ஃபெரட்களை வைத்துத்தான் 1933ல் மனிதரின் ஃப்ளூ வைரஸும் கண்டுபிடிக்கப்பட்டது. நாய்க்காகப் போட்ட முதலில் மனிதனுக்குக் கிடைத்த வட்டி அது.

அப்படியானால் அந்த பாக்டீரியா? எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது. 1970களின் சோதனைகளில்தான் அது கென்னல் காஃபுக்கு முக்கியமான ஒரு காரணம் என்பது தெளிவாகி, சரியான பேரேட்டுக்கு மாற்றப்பட்டது. இன்று அதன் பெயர் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தரும் கிருமியின் தாயாதி. 1970களின் கடைசியில் ஊசியும், அதன்பின் மூக்கில் விடும் சொட்டு மருந்தும் வந்தன.

'கென்னல்' என்றால் வேட்டைநாய்களை மொத்தமாக அடைத்து வளர்க்கும் கொட்டில். பெயரிலேயே காரணம் இருக்கிறது. தோப்புக்கு ஒரு நாய் என்றிருந்த நாளில் இந்த இருமல் எங்கள் பக்கம் பேச்சில் வந்ததாகவே நினைவில்லை. இன்று நம் வளாகமே ஒரு கொட்டில்தான்: ஒரே லிஃப்ட், ஒரே புல்தரை.

முடிவுக்கு வருவோம்

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் மூன்றுக்கும் எல்லா நாய்க்கும் ஊசி வேண்டும் என்பது உலகக் கால்நடை மருத்துவர்களின் பரிந்துரை. பார்வோ 1978ல் புதிதாகத் தோன்றி இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுதும் பரவி எத்தனையோ குட்டிகளைக் கொன்றது. நாம் 'செவன் இன் ஒன்' என்று போடும் ஊசியில் இம்மூன்றும் இருக்கின்றன. இருமலைத் தரும் பாராஇன்ஃப்ளூயன்சாவுக்கும் அதில் மருந்து உண்டு. போர்டெடெல்லாவுக்கு இல்லை. அதற்குத்தான் தனி மருந்து.

பெரும்பாலான நாய்களுக்கு இந்த இருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகிவிடும். குட்டிகள், வயதான நாய்கள், பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் ஆகியவற்றுக்கு நிமோனியா வரை போகலாம். மருந்து போட்டாலும் இருமல் வரக்கூடும், ஆனால் வேகம் குறையும். பாதுகாப்பு ஏறத்தாழ ஒரு வருடம். சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி என்பதால் நாய் சில நாள் தும்மலாம். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புசக்தி குறைந்தவர் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விடுதியில் தங்கும், கண்காட்சிக்குப் போகும், மற்ற நாய்களோடு விளையாடும் நாய்க்குப் போடுவது நல்லது. வீட்டோடு இருந்து, தனியே நடந்து வரும் நாய்க்கு அவசரமில்லை. பாலு வருடத்துக்கு இரண்டு முறை விடுதியில் தங்குபவன். ஆகவே விடுதிக்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவது என்று என் வவுச்சரை பாஸ் செய்துவிட்டேன்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். வெறிநோய் ஊசி தேதியை எல்லோரும் அலுவலகப் பதிவேட்டில் எழுதுவோம். நாய் இருமினால் வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்து, இரண்டு மூன்று வாரம் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வைப்போம். மூன்றாவது, பிளவக்கல்லைப் பற்றியது.

நாம் விடுமுறைக்குப் போகும் அந்த அடிவாரத்துக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 1994ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை டிஸ்டெம்பர் அழித்தது; கிராமத்து நாய்களிடமிருந்து பரவியதாகக் கண்டார்கள். 2018ல் குஜராத் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோது அதே வைரஸ் அங்கும் இருந்தது. புலிக்கும் இது வரும். ஆண்டுதோறும் ஜூலை 6ஐ ஒட்டிக் கால்நடைத் துறை இலவச வெறிநோய் ஊசி முகாம் நடத்துகிறது. அந்தச் சமயத்தில் அடிவாரத் தோப்புகளின் காவல் நாய்கள் பத்துக்காவது டிஸ்டெம்பர் ஊசிச் செலவை நம் சங்கம் ஏற்கலாமே. முதல் நாயின் செலவு என்னுடையது. எங்கள் தோப்பு நாய்க்கு நாங்கள் போடாத ஊசி அது.