தேயிலைத் தோட்டத்தில் கொக்கிப்புழு: இலங்கை மலையகத்தின் ஒரு மருத்துவ வரலாறு

இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய 1830களிலிருந்து அங்கே வேலை செய்ய ஆட்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து போனார்கள். ஆள் கட்டும் கங்காணி (கூலியாட்களின் தலைவர்) முன்பணம் கொடுத்துத் திரட்டிய கூட்டம் படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தது. நல்ல தண்ணீர் அரிதான அந்தப் பாதையில் காலராவும் காய்ச்சலும் எத்தனை பேரைக் கொன்றன என்பதற்குக் கணக்கு இல்லை. 1841க்குப் பின் சுமார் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849இல் கொழும்பு அப்சர்வர் இதழ் மதிப்பிட்டது. வரலாற்றாசிரியர்கள் இந்த எண்ணைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். செத்தவர்களுக்குப் பதிவேடு வைக்க யாரும் அக்கறைப்படாததுதான் அந்த வாதம் தீராமல் இருப்பதற்குக் காரணம்.

1869இல் காப்பி இலையில் தோன்றிய துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். ஆகவே முன்பு வந்து திரும்பியவர்கள் இப்போது லயம் எனும் வரிசை வீடுகளில் குடும்பத்தோடு தங்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு. நோயின் தன்மையும் மாறியது: வழியில் ஒரே நாளில் வீழ்த்திய காலராவின் இடத்தில், ஆண்டுக்கணக்கில் உடம்பை உருக்கும் இரத்தச்சோகை வந்தது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டக்காரர்களிடம் வரி வாங்கி மாவட்ட ஆஸ்பத்திரிகளை நிறுவ வழி செய்தது. ஆனால் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டவர்களில் பலர் அதற்குள் கைமீறிப் போயிருந்தார்கள்.

முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலு எட்டு ஏறினால் மூச்சு வாங்கும் இந்த நோயைப் பலரும் பெரிபெரி என்றே கருதினார்கள். இலங்கை அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வில்லியம் கின்சி 1887இல் எழுதிய அறிக்கை காரணமாகக் கொக்கிப்புழுவைச் சுட்டியது. அது உடம்புக்குள் நுழையும் வழியை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டறிந்தார். மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. புழுக்குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலைச் சேர்ந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. மழை ஓயாத மலைச்சரிவும், தேயிலைச் செடியின் நிழலும், செருப்பில்லாத காலும், கக்கூஸ் இல்லாத லயமும் அதற்கு வேண்டியதையெல்லாம் கொடுத்தன. பல தோட்டத் துரைமார் சோம்பல் என்று திட்டியது உண்மையில் இரத்தம் வற்றிய உடம்பின் களைப்பு.

1913இல் தொடங்கிய ராக்ஃபெல்லர் சர்வதேச சுகாதார ஆணையம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. சோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் புழு இருந்தது. தோட்டக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதற்குக் காரணம், நோய் தீர்ந்தால் வேலை கூடும் என்ற கணக்கு. ஆய்வின் கேள்விகளும் அந்தக் கணக்கையே ஒட்டி அமைந்தன. எத்தனை பேருக்குப் புழு, மருந்துக்குப் பின் வேலை எவ்வளவு ஏறியது என்று குறித்தார்கள். அரைவயிற்றுக் கூலியைப் பற்றிய கேள்வி அதில் இடம்பெறவில்லை.

சிகிச்சையே ஒரு சோதனை. முந்தின நாள் மாலையில் பேதியுப்பு, இரவுச் சாப்பாடு கிடையாது. விடிந்ததும் தைமால் மாத்திரைகள். நம் வீடுகளில் அறியப்பட்ட ஓம உப்புதான் அது, ஆனால் அளவு மிகப் பெரிது. சில மணி நேரம் கழித்து மறுபடி பேதியுப்பு. எண்ணெயும் சாராயமும் மருந்தை இரத்தத்தில் கலக்கச் செய்து ஆளையே கொன்றுவிடும் என்பதால் அன்று இரண்டுக்கும் தடை. ஏற்கெனவே சோகை பிடித்தவருக்கு ஒரு நாள் பட்டினியும் பேதியும் தலைச்சுற்றலும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகாத நாளுக்குப் பேரும் விழாது, கூலியும் கிடையாது. இதற்குத் தயங்கியவர்களை அறியாமை பிடித்தவர்கள் என்று எழுதுவது அநியாயம். முதல் உலகப்போரில் தைமாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கீனோபோடியம் எண்ணெய் அந்த இடத்துக்கு வந்தது. அதிலும் நஞ்சு உண்டு.

மருந்து தின்று புழுவைக் கழித்தவர் மறுநாள் அதே மண்ணில்தான் கால் வைத்தார். சில மாதங்களில் புழு திரும்பியது. கக்கூஸ் கட்டாமல் பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1912இலேயே தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டம் வந்திருந்தும், செலவு என்றும், கட்டினாலும் கூலியாட்கள் போகமாட்டார்கள் என்றும் பல தோட்டங்கள் தட்டிக்கழித்தன. இருட்டில், லயத்துக்குத் தள்ளி, கழுவத் தண்ணீரும் இல்லாமல் நின்ற கக்கூஸுக்கு யார் போவார்கள்?

புழு பரவியதற்கான பழி இந்தியாவின் மேல் விழுந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் ஆட்கள் மண்டபம் முகாம் வழியாகவே போனார்கள். அங்கே தடுத்துவைத்து, அம்மை குத்தி, பின்னாளில் கொக்கிப்புழு மருந்தும் கொடுத்தார்கள். ஊரிலிருந்து புழுவோடு வந்தவர் பலர் என்பது மெய். அதைப் பெருக்கியது தோட்டத்து மண் என்பதும் அதே அளவு மெய். அதை முகாமில் நின்று தடுக்க முடியாது.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார். அவருடைய ஆண்டறிக்கைகளில் கூலியும், கடனும், லயத்தின் நிலையும், பிள்ளைகளின் சாவும் ஒரே இடத்தில் பதிவாகின. உடம்பைப் பற்றிய கேள்வியும் கூலியைப் பற்றிய கேள்வியும் அங்கேதான் சேர்ந்தன. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்பாளர் போவதைத் தடை செய்தபோது ஆள் கட்டும் முறை முடிவுக்கு வந்தது.