ரோடு சைக்கிளுக்கு டயர் வாங்கும் முன்: உழைப்பும் வேண்டும், பிடிப்பும் வேண்டும்

மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் பலரிடம் இன்று ரோடு பைக் எனப்படும் மெல்லிய சக்கர சைக்கிள் இருக்கிறது. ஃபஜ்ர் முடிந்ததும் நான்கைந்து பேராகச் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். சைக்கிளோடு வந்த டயர் தேய்ந்துபோனதும்தான் வீட்டில் கேள்வி எழுகிறது: அடுத்து எதை வாங்குவது? சில ஆயிரம் ரூபாய் போகும் செலவு என்பதால், "நாள்பட உழைப்பதாக ஒன்று பாருங்கள்" என்றுதான் பெற்றோர் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அந்தச் சொல் பாதிதான் சரி. நம் மஹல்லாவில் ஒரு மாணவர் வாரம் ஒரு பஞ்சர் பார்த்துச் சலித்துப்போய், கடையில் இருந்ததிலேயே கெட்டியான டயரைக் கேட்டு வாங்கினார். நான்கு மாதம் ஒரு முள் கூட ஏறவில்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று காலை, ஒரு திருப்பத்தில் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் வழுக்கி விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. பஞ்சர் என்றால் பத்து நிமிட வேலை, கொஞ்சம் எரிச்சல். விழுவது அப்படி அல்ல. டயர் தேர்வில் எதற்கு முதலிடம் என்பதை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரப்பரின் இயல்பு

உழைப்பும் பிடிப்பும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள். மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அழுந்தி உட்கார்வதால் நன்றாகப் பிடிக்கும். அதே காரணத்தால் சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு ஓடும். நெடுநாள் வரும், ஈரத்தில் வழுக்கும். இந்த இழுபறியைச் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, ரப்பரில் சிலிக்கா சேர்ப்பது. இது ஈரப் பிடிப்பைக் கூட்டும். மற்றொன்று, ஒரே டயரில் இரண்டு வகை ரப்பர் வைப்பது. நேராக ஓடும்போது தரையைத் தொடும் நடுப்பகுதி கெட்டியாகவும், திருப்பத்தில் சாயும்போது தொடும் பக்கங்கள் மென்மையாகவும் இருக்கும். வெயிலும் மழையும் கலந்த நம் ஊருக்கு இந்த இரட்டை ரப்பர் டயர் பொருத்தமானது என்பது நம் கருத்து.

ஒரே கம்பெனியின் டயர்களுக்குள்ளேயே வேறுபாடு பெரிது. காண்டினென்டலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் தயாராகும் உயர்வகை டயர்களில் 'பிளாக் சில்லி' எனும் ரப்பர் கலவை இருக்கிறது. விலை குறைந்த 'அல்ட்ரா ஸ்போர்ட்' வகையில் அது கிடையாது. 'கேட்டர்ஸ்கின்' முள்ளையும் கண்ணாடியையும் தாங்குவதில் பெயர் பெற்றது. ஆனால் ஈரச் சாலையில் அதை நம்பிச் சாய முடியாது என்று சொல்லும் ஓட்டுநர்கள் நிறைய உண்டு. விட்டோரியாவில் 'சஃபீரோ' தொடக்க வகை, 'ரூபினோ' நடுத்தரம், 'கோர்சா' பந்தயத்துக்கானது. பந்தய டயரை அன்றாட ஓட்டத்துக்கு வாங்குவது வீண்விரயம். தொடக்க வகையில் பணம் மிச்சமாகும், பாதுகாப்புப் பட்டை இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். நடுத்தர வகையைத்தான் நாம் பரிந்துரைப்போம்.

அளவில் ஏமாற வேண்டாம்

கடையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அளவில்தான். டயரின் பக்கச் சுவரில் 700x25சி என்று எழுதியிருக்கும். அதனருகே சிறிய எழுத்தில் 25-622 என்றும் இருக்கும். நம்ப வேண்டியது இரண்டாவதைத்தான். 25 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். முதல் அளவில் உள்ள 700 இன்று எதையும் அளந்து சொல்லும் எண் அல்ல. ஒரு காலத்தில் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ அவ்வளவு இருந்ததால் நிலைத்துவிட்ட பெயர்.

நம் தலைமுறை ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் 28 அங்குலம், அதாவது 28 x 1½. அதன் ரிம் அளவு 635. தகப்பனார் பஞ்சர் கடையில் போய் "மகன் சைக்கிளுக்கு 28 டயர்" என்று கேட்டால், கடைக்காரர் தமக்குத் தெரிந்த 28 அங்குல டயரைக் கொடுத்துவிடுவார். மகன் சொன்னது 28 மில்லிமீட்டர் அகலம்! வீட்டுக்கு வந்து மாட்டினால் டயர் தொளதொளவென்று இருக்கும். 13 மில்லிமீட்டர் பெரியது அல்லவா. 27 அங்குல டயரும் (630) பொருந்தாது. ஆகவே 622 என்ற எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அகலம் எவ்வளவு? முன்பு 23 மில்லிமீட்டர்தான் ரோடு பைக்கின் வழக்கமான அளவு. மெல்லிய டயர்தான் வேகம் என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு பந்தய வீரர்களே 25க்கும், அங்கிருந்து 28க்கும் மாறிவிட்டார்கள். காற்றழுத்தம் சமமாக இருக்கும்போது அகலமான டயர் தரையில் பதியும் தடம் நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. டயர் குறைவாக நசுங்குவதால் உருள்வதும் எளிதாகிறது. அதோடு, அகலமான டயரில் அழுத்தத்தைக் குறைத்தும் ஓட்டலாம். கரடுமுரடான சாலையில் சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியே போவதற்கு அது உதவும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

ஆனால் சட்டத்திலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அகலத்தைக் கூட்ட வேண்டும். பழைய ரிம் பிரேக் சைக்கிள்கள் சிலவற்றில் 25க்கு மேல் ஏறாது. இப்போதுள்ள டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, பின்புறம் சட்டத்துக்கும் நடுவே, மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் சிறு கல் ஒன்று அங்கே சிக்கினால் சக்கரமே நின்றுவிடும்.

பட்டன் இல்லாத டயர் வழுக்காதா?

பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. மொட்டையாக, வழவழவென்று இருக்கும் டயரைப் பார்த்து அஞ்சுவது இயல்பு. மோட்டார் வாகனங்களில் மொட்டை டயர் ஆபத்தானது என்று நமக்குத் தெரியும். கார் டயர் அகலமானது, தட்டையானது, வேகமும் அதிகம். தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் டயர் நீரின் மேல் மிதந்துவிடும். சைக்கிள் டயர் ஒடுக்கமானது, உருண்டையானது, அழுத்தம் மிகுந்தது. அது நீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவின் நாசா 1960களில் விமானச் சக்கரங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி, டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்தை அதன் காற்றழுத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் 80 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் மிதக்க மணிக்கு 150 கிலோமீட்டருக்கு அருகே வேகம் வேண்டும். மிதிவண்டியில் அது நடக்கிற காரியம் அல்ல. தார்ச் சாலையில் பட்டன்கள் தரையைத் தொடும் ரப்பரின் அளவைக் குறைக்கவே செய்யும். மண் பாதைக்குத்தான் அவை தேவை.

ஈரத்தில் விழுவதற்கான காரணம் பெரும்பாலும் சாலையின் மேற்பரப்பு: வண்ணம் பூசிய கோடுகள், பாதாளச் சாக்கடை மூடி, ரயில் தண்டவாளம், உதிர்ந்த இலை. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் ஊறிக் கிடந்த எண்ணெய் மேலே வந்து நிற்கும். அன்று எந்த டயரையும் நம்ப வேண்டாம்.

'கெவ்லார்' என்ற சொல்

பஞ்சரைத் தடுப்பது ரப்பர் மட்டுமல்ல, அதன் அடியில் ஓடும் பட்டையும்தான். கெவ்லார் போன்ற அரமிட் இழை, வெக்ட்ரான், அடர்த்தியான நைலான் என்று பல வகை உண்டு. சில சுற்றுலா டயர்களில் மில்லிமீட்டர் கணக்கில் தடித்த ரப்பர் படுகையே இருக்கும். 'ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்' அவற்றில் பெயர் பெற்றது. கனம் அதிகம், ஓட்டம் மந்தம். சுமையோடு தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது சரி. ரோடு பைக்கில் அதை மாட்டினால் அந்த சைக்கிளை வாங்கிய நோக்கமே போய்விடும்.

கடையில் "இது கெவ்லார் டயர்" என்று சொன்னால், கெவ்லார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மடித்து வைக்கக்கூடிய டயர்களில் ரிம்மைக் கவ்வும் விளிம்பில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக கெவ்லார் இழை இருக்கும். அது எடையைக் குறைக்கும்; முள்ளைத் தடுக்காது. ஓடுதளத்தின் அடியில் பட்டையாக இருந்தால்தான் தடுக்கும். டிபிஐ என்ற எண்ணும் இப்படித்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை நூலிழை என்ற கணக்கு அது. 60 என்றால் தடித்த இழை, முரட்டு டயர். 120 என்றால் மெல்லிய இழை, மென்மையான ஓட்டம். 180, 330 என்றெல்லாம் போட்டிருந்தால் மூன்று அடுக்குகளையும் கூட்டிச் சொல்கிறார்கள் என்று பொருள்.

காற்று

நல்ல டயரையும் தவறான காற்று கெடுத்துவிடும். பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு ஓர் எல்லை மட்டுமே, அதுவரை அடிக்க வேண்டும் என்ற அறிவுரை அல்ல. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 25 மி.மீ. டயரில் பின்னால் 85, முன்னால் 80 பிஎஸ்ஐ, 28 மி.மீ. என்றால் பின்னால் 75, முன்னால் 70 என்று தொடங்கலாம். மழை நாளில் ஐந்து குறைக்கலாம். மிகவும் குறைத்தால் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு துளைகள் விழும். டியூப் இல்லாத, கொக்கி விளிம்பற்ற ரிம் என்றால் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. அதற்கென்று குறிப்பிட்ட டயரையே மாட்ட வேண்டும்.

மெல்லிய டயரில் காற்று தானாக இறங்கும். வாரம் ஒருமுறையாவது அளந்து அடிக்க வேண்டும். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பெட்ரோல் பங்க் குழாய் பொருந்தாது. அளவுமானி உள்ள கால்பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்றுதான் முதலில் அதைச் செய்து பார்த்தார்.

எப்போது மாற்றுவது?

பின்டயர்தான் முதலில் தேயும். எடையில் பெரும்பங்கும் மிதிக்கும் விசையும் அதன் மேல்தான். உருண்டையாக இருந்த நடுப்பகுதி தட்டையாகிவிட்டால் காலம் நெருங்கிவிட்டது. சில டயர்களில் தேய்மானம் காட்டும் சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்தால் மாற்ற வேண்டும். நூலிழை வெளியே தெரிந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். சாதாரணமாக ஒரு பின்டயர் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டர் வரும். ஓட்டி முடித்ததும் துணியால் துடைத்து, பதிந்திருக்கும் கண்ணாடித் துணுக்குகளைக் கிள்ளி எடுத்துவிட்டால் அது நீளும். துணுக்கு ஏறியவுடன் குத்துவது குறைவு. நாளாக நாளாக உள்ளே இறங்கித்தான் டியூபைத் தொடும்.

பின்டயர் போனதும் புதியதை அங்கேயே போட்டுவிடுவது வழக்கம். அப்படிச் செய்ய வேண்டாம். முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்; முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுந்த பிறகுதான் தெரியும். நல்ல ரப்பர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும்.

தள்ளுபடியில் வாங்கும்போது அது எத்தனை காலமாகக் கடையில் தொங்குகிறது என்று பாருங்கள். வெயில் பட்டுக் கிடந்த ரப்பர் இறுகிவிடும். விரலால் வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். வாங்கி வந்து மாட்டும்போது பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைக் காட்ட வேண்டும். பாதிக் காற்று அடித்து நிறுத்தி, ரிம்முக்கு மேலே தெரியும் மெல்லிய வரை சுற்றிலும் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று இருபுறமும் சுழற்றிப் பார்த்த பிறகே மீதியை அடிக்க வேண்டும். புதிய ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் இருபது, முப்பது கிலோமீட்டருக்குத் திருப்பங்களில் சாயாமல் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள்.